வாய்க்காலுக்குக் கிழக்கா, மேற்கா? புதுச்சேரியில் எங்கே தங்குவது

புதுச்சேரிக்கு முதல் தடவை போகிறவர்கள் எந்த ஓட்டல் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் முடிவு செய்யவேண்டியது வேறு ஒன்று. பெரிய வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் தங்கப் போகிறீர்கள்? ஊரின் நடுவே வடக்கு தெற்காகப் போகும் அந்த வாய்க்கால்தான் பிரெஞ்சுக்காரர்கள் காலத்து எல்லை. அதற்குக் கிழக்கே கடற்கரை வரைக்கும் வெள்ளையர் குடியிருப்பு, மேற்கே தமிழர் குடியிருப்பு. வெள்ளை நகரம், கருப்பு நகரம் என்று பெயர் வைத்தே பிரித்தார்கள். இன்றைக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது, யாரும் எங்கேயும் இருக்கலாம். ஆனாலும் வீடு கட்டிய விதம், வீதியின் சத்தம், அறை வாடகை, காலையில் வாசலுக்கு வந்தால் கண்ணில் படுவது எல்லாமே அந்த வாய்க்காலைத் தாண்டியதும் மாறிவிடுகின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று நாள் தங்கப் போகும் குடும்பம் என்றால் மேற்கே தங்குங்கள், கிழக்கை நடந்து பாருங்கள். படங்களில் வரும் புதுச்சேரி முழுக்கக் கிழக்குப் பக்கம்தான். மஞ்சள் சுவர், வெள்ளை விளிம்பு, மேலே படர்ந்த காகிதப்பூக் கொடி. அதைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்களிடம் மேற்கே போங்கள் என்று சொன்னால் ஏமாற்றுவது போலத் தோன்றும். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு. பழைய நகரம் முட்டை வடிவத்தில் இருக்கிறது. வடக்கே சர்தார் பட்டேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடலை ஒட்டிய கூபேர் அவென்யூ. இந்த நான்கு சாலைகளுக்குள் நேர்நேராக வெட்டிக்கொள்ளும் வீதிகள். பார்க்கிறவர்கள் எல்லாரும் இதைப் பிரெஞ்சு ஒழுங்கு என்பார்கள். ஆனால் கட்டம் கட்டமான வீதிகளுக்கு வரைபடம் போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1674-ல் பிரெஞ்சுக் கம்பெனி அதிகாரி பிரான்சுவா மர்த்தேன் காலத்தில் வேரூன்றிய ஊரை டச்சுக்காரர்கள் 1693-ல் பிடித்தார்கள், 1699 வரை வைத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் வந்த திட்டத்தைத்தான் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் தொடர்ந்தார்கள். அப்புறம் 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துக் கோட்டையோடு சேர்த்து இடித்துத் தள்ளினார்கள். இன்றைய பாரதி பூங்கா இருக்கும் இடத்தில்தான் அந்தக் கோட்டை நின்றது. ஆகவே இரண்டு பக்கமும் நாம் காணும் பழைய கட்டடங்களில் அநேகமாக எல்லாமே 1765-க்குப் பிறகு, அதே வீதிக் கோடுகளின் மேல் மறுபடி எழும்பியவை. கிழக்குதான் பழையது, மேற்கு பின்னால் வந்தது என்று ஒரு எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடலாம்.

கிழக்கே தங்கினால் முதல் லாபம் கடல். பீச் ரோடு என்று எல்லாரும் சொல்லும் கூபேர் அவென்யூவில் மாலை 6 மணிக்கு மேல் மறுநாள் காலை வரை வண்டிகள் வரக்கூடாது. அந்த நேரத்தில் சாலை முழுவதும் நடக்கிறவர்களுடையது. காந்தி சிலையைச் சுற்றிச் செஞ்சியிலிருந்து கொண்டுவந்த சிற்பத் தூண்கள், 1836-ல் முதன்முதலாக ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், போர் நினைவுச் சின்னம், மேரி என்று பிரெஞ்சில் சொல்லும் நகராட்சிக் கட்டடம் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன. மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். பழைய கட்டடத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் புதியதன் முன்னால் நிற்கும்போது மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வரும்.

கடற்கரைக்குப் பின்னால் துமாஸ் வீதி, சப்ரேன் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி என்று வரிசையாகப் போகும் வீதிகளில் மரநிழல் உண்டு, கடைகள் குறைவு, சனி ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அமைதியும் உண்டு. துமாஸ் வீதியில் 1855-ல் கட்டி முடித்த தேவதூதர்களின் அன்னை ஆலயம், எதிரே ஜோன் ஆஃப் ஆர்க் சிலை. செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அங்கே இருக்கும் சைவ ஓலைச்சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அரவிந்தர் ஆசிரமமும் மணக்குள விநாயகர் கோயிலும் இந்தப் பக்கம்தான். வெள்ளையர் குடியிருப்புக்குள் ஒரு பிள்ளையார் கோயில் விடாமல் நின்றதே பெரிய விஷயம். கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் நடைப்பயிற்சியின்போது விழுந்து இறந்த பிறகு கோயில் வாசல் வெறிச்சோடிவிட்டது போல எனக்கு இன்னும் படுகிறது. அன்றைக்கு ஊரே அழுதது.

பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14-ஐ ஒட்டிப் போகிறீர்கள் என்றால் கிழக்கே தங்குவதற்கு இன்னொரு காரணமும் சேரும். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வரும் காட்சியை இந்தியாவில் வேறு எங்கே பார்க்க முடியும்? அவர்கள் தமிழர்கள். வியட்நாமிலும் அல்ஜீரியாவிலும் இருந்தவர்களின் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அந்த விழாவை வெறும் வேடிக்கையாகப் பார்க்காமல், அந்த முகங்களைக் கவனித்துப் பார்க்கவேண்டும்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் மேற்கு என்கிறேன்? கிழக்குப் பக்கத்தின் அழகு வெளியே இருக்கிறது. சுவர், வாசல் கதவு, சன்னல், மரம், கடற்கரை எல்லாம் வீதியில் நடக்கிற எவருக்கும் சொந்தம். அதற்கு அங்கே அறை எடுக்கத் தேவையில்லை. உயர்ந்த மதில்களுக்கு உள்ளே தோட்டமும் முற்றமும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட பல வீடுகள் இன்றைக்கு உணவகங்களாகவும் ஓட்டல்களாகவும் மாறியிருப்பதால் ஒரு காபி குடிக்கும் செலவில் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிடலாம். தமிழ்ப் பகுதியின் அழகு அப்படிக் கிடைப்பதில்லை. திண்ணை வரைக்கும்தான் வீதிக்காரருக்கு. அதற்குப் பிறகு வரும் நடை, தூண்கள் நிற்கும் முற்றம், முற்றத்தில் விழும் வெயில், பின்கட்டு எல்லாம் குடும்பங்கள் வாழும் இடம். முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைந்து பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அப்படி ஒரு வீட்டை உள்ளிருந்து அறிய ஒரே வழி, விருந்தினர்களுக்காகத் திறந்துவிட்ட ஒரு வீட்டில் தங்குவதுதான். தங்கும் இரவுகளை எங்கே செலவழிப்பது என்ற கேள்விக்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த வீடுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். தமிழ்ப் பகுதியில் பழைய வீதி ஒன்றில் நின்று பார்த்தால் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதன் கீழே திண்ணை. வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கர் ஒதுங்கி நிற்கவென்றே வீட்டுக்காரர் தன் இடத்தில் ஒரு பகுதியை வீதிக்குக் கொடுத்த மாதிரி இருக்கும். மதில் எழுப்பி வீதியை விலக்கி வைத்த கிழக்குப் பக்கத்து வீடுகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டு சமூகங்கள் வெளியாரை எப்படிப் பார்த்தன என்பது புரியும்.

இதில் இன்னொரு வகை இருக்கிறது. புதுச்சேரிக்கே உரியது என்று தயங்காமல் சொல்வேன். கீழ்த்தளம் அப்படியே தமிழ் வீடு: திண்ணை, மரத்தூண், செதுக்கிய கதவு, முற்றம். மேல்தளம் பிரெஞ்சுப் பாணி: வளைவு சன்னல்கள், சுவரோடு ஒட்டிய அலங்காரத் தூண்கள், கைப்பிடிச் சுவர், மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம். வணிகத்திலும் அரசாங்க வேலையிலும் முன்னேறிய தமிழ்க் குடும்பங்கள் மாடி எடுக்கும்போது அன்றைய நாகரிகத்தை மேலே வைத்தன, கீழே வாழ்க்கை பழையபடி நடந்தது. காலனி ஆட்சி ஒரு ஊரின் மேல் எப்படி உட்கார்ந்தது, ஊர் அதில் எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுக்கொடுக்கவில்லை என்பதை இந்த வீடுகள் போலத் தெளிவாக எந்த அருங்காட்சியகமும் காட்டாது. கிழக்கில் பிரான்ஸ் மட்டும்தான் தெரியும். இரண்டும் சந்தித்த இடம் மேற்கு.

ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளை வீடு இதற்கு முதல் சாட்சி. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் இருந்தவர். 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு இல்லையென்றால் அந்தக் காலத்துப் புதுச்சேரியைப் பற்றி நமக்குத் தெரிந்தது பாதிகூட இருக்காது. துறைமுகத்துக்கு வந்த கப்பல், விலைவாசி, கவர்னர் மாளிகையில் நடந்த பேச்சு, யார் யாருக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று எல்லாவற்றையும் எழுதினார். 1748-ல் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததையும் எழுதியிருக்கிறார். மிஷன் வீதியில் தேவாலயத்துக்குப் பக்கத்திலே இருந்த கோயில் அது. துய்ப்ளேக்ஸ் காலத்தில் இடிபட்டது. இன்றைக்கு ஈசுவரன் கோயில் வீதியில் நாம் கும்பிடும் கோயில் பிற்காலத்தில் எழுப்பியது. மிஷன் வீதியில் இப்போது நிற்கும் தேவாலயமான சம்பா கோயில் 1791-ல் கட்டி முடித்தது. இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே நடக்க அதிக நேரம் ஆகாது. நடக்கும்போது நாட்குறிப்பின் அந்தப் பக்கங்கள் நினைவில் இருந்தால் நடை வேறு மாதிரி இருக்கும். ரங்கப்பிள்ளை 1761 ஜனவரியில், ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்த அதே மாதத்தில் காலமானார்.

பாரதியும் இந்தப் பக்கத்துக்காரர்தான். ஆங்கிலேய அரசு கைது செய்துவிடும் என்ற நிலையில் 1908-ல் இங்கே வந்தவர் 1918 வரை பத்து ஆண்டுகள் இருந்தார். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. பாரதிதாசனின் வீடு பெருமாள் கோயில் வீதியில். இரண்டும் வாய்க்காலுக்கு மேற்கே, ஒன்றுக்கொன்று நடக்கும் தூரத்தில். 1910-ல் அரவிந்தர் வந்தார், அதே ஆண்டில் வ.வே.சு. ஐயரும் வந்தார். இவர்கள் எல்லாம் சந்தித்துப் பேசிய ஊர் என்று நினைத்துக்கொண்டு இந்த வீதிகளில் காலை நேரத்தில் நடப்பதற்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். பாரதி பாட்டைப் படித்து வளர்ந்த ஒருவர், அவர் நடந்த வீதிக்கு அடுத்த வீதியில் படுத்து எழ முடியும் என்றால் அதை விட்டுவிட்டு மஞ்சள் சுவருக்குப் பக்கத்தில் ஏன் படுக்கவேண்டும்?

வைசியாள் வீதியையும் விட்டுவிடாதீர்கள். கால்வே சுப்பராய செட்டி வீதி என்பதும் அதுதான். வீட்டு முகப்புகளையும் தாழ்வாரங்களையும் வரிசையாகச் சீர்செய்த இன்டாக் அமைப்பின் வேலை அங்கே நடந்தது, யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. மற்ற வீதிகளில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. இரண்டு பழைய வீடுகளுக்கு நடுவே ஒன்று இடிந்து, அடுக்குமாடி எழுந்து நிற்பதை அடிக்கடி பார்ப்பீர்கள். கிழக்கில் கட்டடங்களைக் காப்பாற்ற அரசு அலுவலகங்கள், ஆசிரமம், பிரெஞ்சு நிறுவனங்கள், ஓட்டல்காரர்கள் என்று பலர் இருந்தார்கள். மேற்கில் அந்தந்தக் குடும்பம்தான். அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிந்தால், ஓடு மாற்றப் பணம் இல்லையென்றால், வீடு போய்விடும். பழைய தமிழ் வீட்டில் நடக்கும் தங்குமிடத்துக்கு நீங்கள் கொடுக்கும் வாடகை அந்த வீடு நிற்பதற்கும் ஒரு காரணமாகிறது. இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதாக நினைக்கவேண்டாம். பெருமாள் கோயில் வீதியில் மேசோன் பெருமாள் என்ற பெயரில் ஒரு பழைய வீடு ஓட்டலாகியிருக்கிறது, பக்கத்து வீதிகளில் அதைவிடச் சிறிய தங்குமிடங்களும் உண்டு. பயன்பாடு கிடைத்த வீடுகள்தான் நின்றிருக்கின்றன.

கையில் காசு அதிகம் இல்லாதவர்களுக்கும் மேற்கே இடம் உண்டு. கிழக்கில் சின்ன அறைக்குக் கேட்கும் வாடகையில் மேற்கே கொஞ்சம் விசாலமான அறை கிடைத்துவிடும். சாப்பாட்டுக்கும் அப்படியே. காலையில் இட்லி பொங்கலுக்கு நேரு வீதிப் பக்கம் வந்தால் போதும். பெரிய மார்க்கெட்டுக்குள் ஒரு தடவையாவது நுழைந்து வாருங்கள். பூ, காய்கறி, மீன், மளிகை எல்லாம் நெருக்கியடித்து இருக்கும் இடம். தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் பள்ளிவாசல்களும் இஸ்லாமியக் குடும்பங்களின் பழைய வீடுகளும் இருக்கின்றன. அந்தப் பகுதியைப் பலரும் தவறவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். துணியிலிருந்து பழைய சாமான் வரை வீதி நெடுகக் கடை.

மேற்கின் குறைகளையும் சொல்லியாகவேண்டும். சத்தம் அதிகம். நேரு வீதி, காந்தி வீதி, மிஷன் வீதி மூன்றிலும் பகல் முழுக்க ஹாரன் சத்தம்தான், அதனால் அந்த வீதிகளைப் பார்த்த அறை வேண்டவே வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் கோயில் ஒலிபெருக்கி விடியலுக்கு முன்பே எழுப்பிவிடும். எனக்கு அது பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். கடல் காற்று வீடுகளுக்கு இடையில் நுழையாது, ஆகவே ஏப்ரல் மே மாதங்களில் ஏசி இல்லாமல் இருக்க முடியாது. பழைய வீடுகளில் படிகள் செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் இருக்காது. முழங்கால் வலி உள்ள அம்மா அப்பாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் கீழ்த்தள அறை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். இன்னொன்று: பழைய வீடு என்று விளம்பரம் செய்யும் எல்லாமே பழைய வீடு கிடையாது. புதுக் கட்டடத்துக்கு மஞ்சள் அடித்து இரண்டு தூணை ஒட்டிவைத்தவையும் இருக்கின்றன. முற்றத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். முற்றத்தில் வானம் தெரிகிறதா, அறைக் கதவு முற்றத்தைப் பார்த்துத் திறக்கிறதா என்று பாருங்கள். அது இரண்டும் இல்லையென்றால் நான் மேற்கைப் பற்றிச் சொன்னதில் பாதி உங்களுக்குக் கிடைக்காது.

வாய்க்காலை ஒட்டியே அறை எடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கால்வாய் ஓர நகரம் என்றதும் படகும் பாலமும் மனதில் வருகின்றன. இங்கே படகு ஓடுவதில்லை. மழைநீரும் கழிவுநீரும் போகும் வாய்க்கால் இது, வெயில் காலத்தில் வாடையும் கொசுவும் உண்டு, இரண்டு பக்கமும் ஆம்பூர் சாலை, செஞ்சி சாலை என்று போக்குவரத்து வேறு. இந்த ஊரின் சரித்திரத்தில் இவ்வளவு முக்கியமான ஒரு கோடு இப்படிக் கிடப்பது எனக்கு வருத்தம். தூர்வாரிச் சுத்தமாக வைத்து, ஓரத்தில் நடைபாதை போட்டால் இரண்டு பக்கத்தையும் சேர்க்கும் இடமாக அது ஆகிவிடும். அது நடக்கும் வரை வாய்க்காலைப் பார்த்த சன்னல் வேண்டாம்.

ஆசிரம விருந்தினர் விடுதிகள் தனி ரகம். கிழக்கே தங்கவும் வேண்டும், செலவும் கட்டுப்பட வேண்டும் என்றால் இதுதான் வழி. கடற்கரையின் தென்கோடியில் இருக்கும் பார்க் கெஸ்ட் ஹவுஸ் தோட்டத்திலிருந்து சூரியன் எழுவதைப் பார்க்கலாம். அந்த இடத்தில் அந்த வாடகைக்கு வேறு எதுவும் கிடைக்காது. அறைகள் எளிமையாக, சுத்தமாக இருக்கும். மது, புகை கூடாது, இரவில் வாசலைக் குறித்த நேரத்தில் பூட்டிவிடுவார்கள், சத்தம் போடக்கூடாது. பெரியவர்களுக்கும் தனியாக வரும் பெண்களுக்கும் இந்தக் கட்டுப்பாடுகளே பாதுகாப்பு. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், இரவு வெகுநேரம் வெளியே சுற்ற நினைக்கும் இளைஞர்களுக்கும் சரிப்படாது. முன்கூட்டியே பதிவு செய்யாமல் போய் நின்றால் இடம் கிடைக்காது. ஆகஸ்ட் 15 அரவிந்தர் பிறந்தநாள், அதை ஒட்டிய நாட்களைக் கேட்கவே வேண்டாம்.

ஊருக்கு வெளியே தங்கும் யோசனையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வடக்கே கோட்டக்குப்பம், ஆரோவில் பக்கம் கடலோர விடுதிகள் நிறைய. கோட்டக்குப்பத்திலேயே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. தெற்கே அரியாங்குப்பம், சுண்ணாம்பாறு பக்கம் போனால் தென்னந்தோப்பும் ஆற்றுமுகமும். குளிக்கிற மாதிரி மணல் கடற்கரைதான் முக்கியம், நகரம் இரண்டாம் பட்சம் என்றால் இவை சரி. ஆனால் பழைய நகரத்தைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் தினமும் வண்டியில் வந்து, நிறுத்த இடம் தேடி, திரும்பிப் போவதில் பாதி நாள் போய்விடும். அரிக்கமேட்டை மட்டும் எங்கே தங்கினாலும் போய்ப் பாருங்கள். நகரத்திலிருந்து 4 கிலோமீட்டர்தான். ரோமானியர்களோடு வணிகம் நடந்த இடம், 1945-ல் மார்டிமர் வீலர் அகழ்ந்தார். பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு ஆயிரத்து ஐநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரைக்குக் கப்பல் வந்துகொண்டிருந்தது என்பது அங்கே நிற்கும்போது உறைக்கும்.

பிரெஞ்சுக் காலத்தை முழுமையாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு இன்னொரு இடமும் சொல்லவேண்டும், இது எந்தப் பட்டியலிலும் வராது. முட்டை வடிவ நகரத்துக்கு வெளியே மில் பகுதி. 1936 ஜூலை 30-ல் சவானா மில் தொழிலாளர்கள் போராடியபோது பிரெஞ்சுக் காவல் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பலனாக அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. தெற்கு புல்வார் என்ற தெற்கு எல்லைச் சாலைக்கு இன்றைக்கு சுப்பையா சாலை என்று பெயர் இருப்பது அவர் நினைவாகத்தான். ரயிலில் வந்தால் நீங்கள் இறங்கும் நிலையமே அந்தச் சாலையில் இருக்கிறது, 1907-ல் கட்டிய திரு இருதய ஆண்டவர் ஆலயமும் பக்கத்திலேதான். இறங்கியவுடன் சாலையின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். நீல எனாமலில் வீதிப் பெயர் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய பலகைகளை உள்ளே வீதிக்கு வீதி பார்ப்பீர்கள். இங்கே தெரு என்று சொல்வது குறைவு, எல்லாம் வீதிதான்.

ஆக, யாருக்கு எது? இரண்டு பேர் மட்டும், ஒரே ஒரு இரவு, கடலும் நடையும் போதும் என்றால் கிழக்கே தங்குங்கள், வார நாளில் போங்கள். சனிக்கிழமை சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் கார்கள் அந்த வீதிகளை நிறைத்துவிடும், நீங்கள் தேடி வந்த அமைதி அன்றைக்கு அங்கே இருக்காது. சுவடி ஆய்வுக்கோ பிரெஞ்சு வகுப்புக்கோ வாரக்கணக்கில் வருகிறவர்களுக்கும் கிழக்குதான் வசதி. தியானத்துக்கும் ஆசிரமத்துக்கும் என்றே வருகிறவர்கள் ஆசிரம விடுதியை விட்டு வேறு எதையும் யோசிக்கவேண்டாம். மற்ற எல்லாருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு ஊரைக் காட்ட நினைக்கும் குடும்பங்களுக்கு, மேற்கே பெருமாள் கோயில் வீதி, ஈசுவரன் கோயில் வீதி, வைசியாள் வீதி இவற்றை ஒட்டிய பகுதி. அங்கிருந்து கடற்கரைக்கு நிதானமாக நடந்தால் கால் மணி நேரம். விடியலில் கிளம்பினால் சூரியன் எழும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம், திரும்பும் வழியில் மணக்குள விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, வாய்க்காலைத் தாண்டி, சூடான இட்லிக்கு வந்துவிடலாம். வெயில் ஏறும் பத்து மணிக்கு மேல் முற்றத்துக்குத் திரும்பிவிடுங்கள், மறுபடி மாலையில் கிளம்பலாம்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இதற்கு மிக நல்லவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதிவு செய்கிறீர்கள் என்றால் எந்தப் பக்கமானாலும் ரத்து செய்தால் பணம் திரும்பி வருமா என்று கேட்டுவிட்டே செய்யுங்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையைக் கடந்தபோது ஊர் முழுக்கத் தண்ணீர் நின்றது, வாய்க்காலுக்குக் கிழக்கு, மேற்கு என்ற வித்தியாசம் பார்க்கவில்லை.